தம்பி ஜோக்குக்கெல்லாம் மறுப்பு போட முடியாது சார்!

கேள்வி: 31 வருஷமா பத்திரிகையில இருக்கேன். தம்பி ஸ்டாண்ட்-அப் காமெடியன். மேடையில என்னையே கிண்டல் பண்றான், பாதி பொய். போன மாசம் எனக்கு தகவல் தர்ற ஒருத்தரைப் பத்தி நான் வீட்ல சொன்னதை ஜோக்காக்கிட்டான். பேர் சொல்லல, ஆனா வீடியோ பாத்துட்டு அவரே எனக்கு போன் பண்ணிட்டார். கேட்டா "வெறும் ஜோக்குண்ணே"ங்கிறான். 3 வாரமா பேசல. இதுல அவன் ஷோ பத்தி உங்க பேப்பர்ல எழுதேன்னு அம்மா வேற.

பதில்: சார், ரெண்டு கோவத்தை ஒரே பாத்திரத்துல போட்டு கிண்டிட்டு இருக்கீங்க. உங்களைப் பத்தி சொல்ற பொய்யை விட்ருங்க. நீங்க ஒரு தடவை போனை தேடினா அவன் நாலு தடவைன்னுதான் சொல்வான், அதுக்குப் போய் மறுப்பு கேட்டா அதுவும் அடுத்த ஷோவுல வந்துரும். இவ்ளோ வருஷம் பைலைன் (செய்திக்கு மேல உங்க பேர்) வாங்கிட்டு இப்ப எங்க போனாலும் "அந்த காமெடியனோட அண்ணனா நீங்க?"ன்னு கேக்குறாங்களே, அந்த எரிச்சலும் இதுல கொஞ்சம் கலந்திருக்குன்னு எனக்குத் தோணுது, இல்லன்னா மன்னிச்சுக்கோங்க.

ஆனா சோர்ஸ், அதான் உங்களுக்குத் தகவல் தர்றவர் விஷயம் ஜோக் இல்ல, அதுல உங்க பக்கம்தான் நியாயம், அப்படியே முதல் தப்பும் உங்களுதுதான். ஆஃப் த ரெக்கார்டா, அதாவது வெளிய வரக்கூடாதுன்னு நம்பி ஒருத்தர் சொன்னதை வீட்ல சொன்னது நீங்க. தம்பிகிட்ட "இது வெளிய போகக்கூடாது"ன்னு சொன்னீங்களா? எழுதறப்ப பேரை மட்டும் எடுத்தா பத்தாது, அவர் உக்காந்திருக்கிற சீட்டு, பேசுற தினுசு எல்லாத்தையும் எடுக்கணும்னு உங்களுக்குத் தெரியும். அவன் தொழில் அப்படியே உல்டா. "ஒரு ஆபீசர்"னா யாரும் சிரிக்க மாட்டாங்க, "ஒவ்வொரு ரகசியத்துக்கும் முன்னாடி கண்ணாடியை மூணு தடவை துடைக்கிற ஆபீசர்"னாதான் சிரிப்பு வரும், அந்த கண்ணாடிதான் ஆளையும் காட்டிக் குடுக்கும்.

இங்கதான் ஒரு வழி இருக்கு. உங்களால ஒரு விவரத்தைக்கூட மாத்தி எழுத முடியாது, அவனால எல்லாத்தையும் மாத்த முடியும். ஆபீசரை டான்ஸ் மாஸ்டர் ஆக்கட்டும், கண்ணாடிக்கு பதிலா சலங்கையை துடைக்கட்டும். "பண்ணாதே"ன்னா கேக்க மாட்டான், "ஆளை மாத்து"ன்னா கேப்பான், அது அவனுக்குத் தெரிஞ்ச வேலை. அந்த வீடியோவுலயும் அந்த பிட்டை வெட்டச் சொல்லுங்க. நாடகம், சினிமான்னு சிரிக்க வெச்ச சோ 1970ல துக்ளக் பத்திரிகை ஆரம்பிச்சப்ப ரெண்டு தொழிலும் ஒரே மண்டைக்குள்ள இருந்துச்சு, என்ன சண்டைன்னாலும் உள்ளயே முடிஞ்சிருக்கும், உங்க வீட்ல ரெண்டு மண்டை, வாயைத் திறந்து பேசித்தான் ஆகணும்.

அம்மா கேட்டதுக்கு கண்டிப்பா நோ. 2020ல கொரோனா சமயத்துல சிஎன்என்ல கிறிஸ் குவோமோ, நியூயார்க் கவர்னரா இருந்த தன் அண்ணன் ஆண்ட்ருவை பேட்டி எடுத்து ரெண்டு பேரும் கலாய்ச்சுக்கிட்டதை ஜனங்க ரசிச்சாங்க. அப்புறம் அண்ணன் மேல பாலியல் புகார் வந்தப்ப தம்பி பின்னாடி இருந்து உதவினது வெளிய வந்து 2021 டிசம்பர்ல சேனல் அவரை வேலையை விட்டே தூக்கிடுச்சு. உங்க கேஸ் அவ்ளோ பெருசில்லதான், இருந்தாலும் தம்பி ஷோவுக்கு நீங்க எழுதுனா படிக்கிறவன் நம்ப மாட்டான். வேற யாராவது எழுதட்டும், எடிட்டர்கிட்ட அவன் உங்க தம்பின்னு முன்னாடியே சொல்லிட்டு அந்தக் கட்டுரை பக்கமே போகாதீங்க.

தம்பிக்கு அப்புறம் போன் பண்ணலாம், முதல்ல அந்த சோர்ஸுக்கு பண்ணுங்க. தம்பியை இழுக்காம "நான்தான் வீட்ல உளறிட்டேன்"னு சொல்லுங்க. திட்டுவார், வாங்கிக்கோங்க. அவர் திட்டினதை மட்டும் வீட்ல சொல்லிராதீங்க சார்.