குதிரையிலிருந்து இறங்கியவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1302இல் ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) நெசவாளர்கள் கோர்ட்ரெய்க் ஊரில் பிரெஞ்சு நைட்டுகளை, அதாவது கவசம் அணிந்து குதிரையில் போரிடும் பிரபு குல வீரர்களை, தோற்கடித்ததைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். அன்றோடு நைட்டுகளின் காலம் முடிந்தது என்கிறார்கள். ஆனால் படங்களில் நாம் பார்க்கும், உச்சி முதல் பாதம் வரை மூடிய தகட்டுக் கவசங்கள் அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் பிந்தியவை. செத்துப்போன படைக்கு எதற்கு இத்தனை விலையுயர்ந்த சட்டை? அந்தக் கவசத்தோடு விழுந்தால் எழவே முடியாது என்பதும் உண்மையா?

ர.

அன்புள்ள ர.,

சந்தேகப்பட வேண்டிய இடத்தில்தான் சந்தேகப்பட்டிருக்கிறீர்கள்.

கோர்ட்ரெய்க் பெரிய அதிர்ச்சி என்பதில் மாற்றுக்கருத்து இல்லை. அந்த ஆண்டு மே 18 விடியலில் ஃபிளாண்டர்ஸின் ப்ரூஜ் நகரத்தார் தங்கள் ஊரில் இருந்த பிரெஞ்சுக் காவல்படையைக் கொன்று தீர்த்தார்கள். அவர்களைத் தண்டிக்க பிரெஞ்சு அரசர் நான்காம் பிலிப் அனுப்பிய படைக்கு ஆர்த்துவா பிரபு ராபர்ட் தலைமை தாங்கினார். ஜூலை 11 அன்று அவருக்கு எதிரே நின்றவர்களில் பெரும்பாலோர் நெசவாளர்கள், கசாப்புக்காரர்கள் போன்ற தொழிலாளர்கள். தத்தம் தொழில் சங்கத்தோடு அணிவகுத்து வந்தவர்கள். கையில் நீண்ட ஈட்டி, இல்லையென்றால் நுனியில் இரும்பு முள் வைத்த கனத்த தடி. அவர்களுக்கு முன்னால் க்ரூனிங்க ஓடை.

பிரெஞ்சுக் காலாட்கள்தான் முதலில் முன்னேறினார்கள். ராபர்ட் அவர்களைத் திரும்ப அழைத்துவிட்டுக் குதிரைப்படையை ஏவினார். ஓடை தடுத்தாலும் நைட்டுகள் கடந்து வந்து மோதினார்கள். ஃபிளாண்டர்ஸ் படையின் நடு அணி ஓரிடத்தில் குலையவும் செய்தது. பின்னால் தயாராக நின்ற யான் வான் ரெனெஸ்ஸெயின் ஆட்கள் வந்து அதைத் தாங்கிப் பிடித்தார்கள். அதற்குப் பிறகு நின்றுபோன குதிரைகளுக்கு நடுவே தடிகள் வேலை செய்தன.

என்னைக் கேட்டால், அன்று உடைந்தது போர்முறையைவிட ஒரு வழக்கம்தான். நைட்டுக்குப் போர் என்பது காப்பீடு எடுத்த தொழில்: பிடிபட்டால் மீட்புப் பணம் கட்டி வீடு திரும்பலாம். ஃபிளாண்டர்ஸ்காரர்கள் கைதி பிடிப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். ராபர்ட்டும் தப்பவில்லை. இறந்தவர்களின் பொன்முலாம் பூசிய குதிமுட்களை (குதிரையை விரட்டக் குதிகாலில் கட்டும் முட்களை) கழற்றி ஊர்த் தேவாலயத்தில் தொங்கவிட்டார்கள்.

ஆனால் காணொளிகள் சொல்லாத ஒன்று இருக்கிறது. ஃபிளாண்டர்ஸ் படையை நடத்திய நமூர் கீயும் யூலிக் வில்லியமும் பிரபு குலத்தவர்கள். குதிரையை அனுப்பிவிட்டு நெசவாளர்களோடு தரையில் நின்றார்கள். போருக்கு முன் பீட்டர் டி கோனிங்க் என்ற நெசவாளர் தலைவருக்கு நைட் பட்டமும் சூட்டினார்கள்! அந்தப் பட்டத்தின் மவுசு வென்றவர்களிடமே குறையவில்லை.

பிறகு 1328இல் காசெலில் அதே ஃபிளாண்டர்ஸ்காரர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் வென்றார்கள். 1382இல் ரோஸ்பெக்கெயில் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. பிரெஞ்சுப் படையின் நடுவில் நைட்டுகள் இறங்கி நின்று ஈட்டிக் கூட்டத்தைத் தடுத்தார்கள். இரு பக்கமும் குதிரையில் இருந்தவர்கள் வளைத்து நெருக்கினார்கள். வென்றவர்கள் கோர்ட்ரெய்க் ஊரைக் கொளுத்திவிட்டு எண்பது ஆண்டுக்கால அவமானமான அந்தக் குதிமுட்களையும் எடுத்துப் போனார்கள்.

ஆங்கிலேயரோடு நடந்த போர்களிலும் இதே கதைதான். 1356, புவாத்தியே. பிரெஞ்சு அரசர் ஜான் தன் நைட்டுகளில் பெரும்பகுதியைக் குதிரையிலிருந்து இறக்கி, ஈட்டியை வெட்டிக் குறுக்கி, குதிமுள்ளையும் கழற்றச் சொன்னார். அப்படியும் தோற்றார். நெடுநேரம் நடந்தே வந்து களைத்த அந்தப் படையின் பின்புறம் சுற்றி வந்து தாக்கியது, ஆங்கிலேயர் தரப்பின் ஒரு சிறிய குதிரைப்படை. 1429இல் பத்தேயில் ஆங்கில வில்லாளிகள் கூர்க்கழிகளை நட்டு முடிப்பதற்குள் பிரெஞ்சுக் குதிரைப்படை மேலே பாய்ந்து அவர்களைச் சிதறடித்தது. ஆக, உறுதியாக நிற்கும் அணியின் நெற்றியில் முதலில் போய் மோதுவதுதான் பழசாகிப்போனது. பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும், அணி குலைந்த நேரத்தில், குதிரை அப்போதும் வென்றது.

இனி உங்கள் சட்டைக் கேள்வி. தரையில் நின்று வெட்டிக்கொள்ள இரண்டு கைக்கும் ஆயுதம் வேண்டும். கேடயம் பிடிக்கக் கை இல்லை. தகடு அந்த வேலையையும் சேர்த்துச் செய்தது. அம்புமழைக்கும் அது தேவைப்பட்டது. முழுக் கவசம் சுமார் 20 முதல் 25 கிலோ. உடல் முழுக்கப் பரவி நிற்கும் எடை. அணிந்தவர் ஓடலாம், விழுந்தால் எழலாம், தானே குதிரை ஏறலாம். 1415இல் ஆங்கிலேயரோடு மோதிய அஜின்கோர்ட்டில் விழுந்த பிரெஞ்சு நைட்டுகள் எழாததற்குக் காரணம் உழுத வயலின் சேறும், பின்னாலிருந்து வந்து மேலே விழுந்த சொந்தப் படையும்.

அந்தப் படை செத்துப்போகவும் இல்லை. 1445இல் பிரெஞ்சு அரசர் ஏழாம் சார்லஸ் 15 நிரந்தரக் குதிரைப்படைப் பிரிவுகளை அமைத்தார். பிரிவுக்கு நூறு கவச வீரர்கள், ஒவ்வொருவருடனும் வில்லாளிகளும் ஏவலாட்களுமாக ஐந்து பேர். பிரபு வீட்டுப் பிள்ளைகள் அதில் சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள்.