பச்சையெல்லாம் பாசி அல்ல: கடல் கேள்வி-பதில்

செயற்கைக்கோள் மீன் கூட்டத்தைப் பார்க்குமா? (கூட்டப்புளி வாசகர்)

பார்க்காது. நீரின் நிறத்தையும் மேற்பரப்பு வெப்பத்தையும்தான் பார்க்கும். குளிர்நீரும் வெதுநீரும் முட்டும் இடத்தில் பச்சையமும் (மிதக்கும் பாசியின் பச்சை நிறமி) கூடியிருந்தால் அங்கே இரை இருக்கும். மீன் தேடி வரலாம். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனம் தரும் மீன்வளப் பகுதி அறிவிப்பு இந்தக் கணக்கில் பிறப்பதுதான். தேடி அலையும் மண்ணெண்ணெய்ச் செலவு குறையும். மீன்பாடு கிடைக்கும் என்று யாராலும் உறுதி தர முடியாது.

ஆடி மாதப் படங்களில் கருப்புத் திட்டுகள். கருவி பழுதா? (உவரி வாசகர்)

மேகம். நிறம் பார்க்கும் கருவிக்கும் அகச்சிவப்புக் கருவிக்கும் மேகம் தாண்டிக் கண் தெரியாது. நுண்ணலைக் கருவிக்குத் தெரியும். ஆனால் அதன் ஒரு புள்ளியே ஏறக்குறைய 25 கிலோமீட்டர் அகலம், கரையோரத்துக்கு உதவாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் என்ற மேல்காற்று வீசும்போதுதான் குமரிமுனைப் பக்கம் கடல் குளிர்ந்து வளம் ஏறுகிறது. பார்க்க வேண்டிய மாதங்களில் பார்வை மறைகிறதே என்பது எனக்குத் தீராத வருத்தம்.

வெப்பமானியை நீரில் முக்கிப் பார்த்தேன். படத்தோடு ஒரு டிகிரி வேறுபடுகிறது. எது சரி? (இடிந்தகரை வாசகர்)

இரண்டும் சரியாக இருக்கலாம். அகச்சிவப்புக் கருவி காண்பது மயிரிழையை விட மெல்லிய மேல்தோல். நீங்கள் அளந்தது ஒரு முழம் கீழே. காற்றில்லாத நண்பகலில் மேல்நீர் தனியாகச் சூடேறும். எத்தனை மணிக்கு அளந்தீர்கள் என்று எழுதவே இல்லை. நேரம் குறிக்காத அளவை வைத்து நான் என்ன சொல்ல முடியும்?

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், தாமிரபரணி கலக்கும் புன்னைக்காயல் கடலில் பச்சையம் பத்து மடங்காகப் படத்தில் தெரிகிறது. மீன்வளம் பெருகியது என்று ஆய்வேட்டில் எழுதலாமா? (மாணவி, பாளையங்கோட்டை)

எழுதக் கூடாது. அந்த நாட்களில் தாமிரபரணி என்ன நிறத்தில் ஓடியது என்று கொக்கிரகுளம் பாலத்தில் நின்று பார்த்தவர்களைக் கேளுங்கள். பச்சையக் கணக்கு நீல ஒளிக்கும் பச்சை ஒளிக்கும் உள்ள விகிதத்தை நம்பி நிற்கிறது. பாசி நீலத்தை விழுங்கும். இலைதழை மக்கிய சாயநீரும் அதையே விழுங்கும். சேறோ பச்சையையும் சிவப்பையும் திருப்பி அனுப்பும். சூத்திரம் எல்லாவற்றையும் பச்சையம் என்றே கூட்டிவிடும். போதாததற்கு, செயற்கைக்கோளை எட்டும் ஒளியில் கடலிலிருந்து வருவது சுமார் பத்தில் ஒரு பங்கு, மீதியெல்லாம் வளிமண்டலம். கலங்கிய நீரில் அதைக் கழிப்பதிலும் பிழை விழும். ஆழ்கடலில் நம்பத்தக்க சூத்திரம் ஆற்றுமுகத்தில் ஏமாற்றுவது இப்படித்தான்.

நான் ஓயாமல் மன்றாடுவது ஒரு குப்பி நீருக்காக. ஒரு லிட்டர் எடுத்துக் கண்ணாடி இழைத் தாளில் வடித்துப் பாருங்கள். பாசியென்றால் தாளில் இளம்பச்சை படரும். சேறென்றால் பாதி இறங்குவதற்குள் தாள் அடைத்துக்கொண்டு காவி வண்டல் பூசிவிடும். அந்தத் தாளை அசிட்டோனில், இருட்டில், ஒரு நாள் ஊறவைத்து அளந்தால் பச்சையத்தின் மெய்யான எண் கிடைக்கும். புன்னைக்காயலுக்குப் பஸ் போகிறது. கணினி முன் ஆறு மாதம் உட்காருகிறவர்களுக்கு அங்கே போக ஒரு காலைப்பொழுது இல்லையா? வழிகாட்டும் ஆசிரியர்களையும் சேர்த்தே கேட்கிறேன்.

அந்த வெள்ளநீரை இனி எடுக்க முடியாது. அதே வாரத்தில் செயற்கைக்கோள் காட்டிய வண்டல் படத்தைப் பச்சையப் படத்தின் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே வடிவில் விரிந்திருந்தால் பச்சையம் என்ற சொல்லை அடித்துவிடுங்கள்.

படம் இணைத்துள்ளேன். இது என்ன? (வள்ளியூர் வாசகர்)

தேதி இல்லை, அளவுகோல் இல்லை, எந்தக் கருவி என்றும் இல்லை. மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.

ஓசன்சாட்-3இல் என்ன புதிது? (ஆசிரியர், திசையன்விளை)

கடலைப் பார்க்கும் இந்தச் செயற்கைக்கோள் 2022 நவம்பரில் ஏவப்பட்டது. நிறக் கருவியில் முன்பு 8 அலைவரிசை, இப்போது 13. கூடவே வெப்பம் அளக்கும் கருவியும் ஏறியிருக்கிறது.

வானம் தெளிவு, காற்றும் இல்லை, கடல் ஊருக்குள் வருகிறது. செயற்கைக்கோள் முன்பே சொல்லாதா? (கூத்தங்குழி வாசகர்)

அது கள்ளக்கடல். தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கோடியில் புயல் கிளப்பிய நெடிய அலை சில நாள் பயணத்தில் இங்கே வந்து ஏறுகிறது. இந்தியாவும் பிரான்சும் 2013இல் அனுப்பிய சரல் போன்ற செயற்கைக்கோள்களின் உயரமானிகள் அலை உயரத்தை அளக்கும். ஆனால் தமக்கு நேர் கீழே ஒரு கோட்டில் மட்டும். அதனால் மிதவைகளும் கணினிக் கணிப்பும் சேர்ந்துதான் எச்சரிக்கை வருகிறது. வந்ததும் படகை மேட்டுக்கு இழுத்துவிடுங்கள். கடல் அமைதியாகத் தெரிகிறதே என்று கரையில் வலையை விட்டுவைக்காதீர்கள்.