க்ளே அம்மி ஏன் வெடிக்குது?

கேள்வி: பொண்ணுக்கு அட்டைப்பெட்டில பொம்மை வீடு பண்றேன். தானா காயுற க்ளே வாங்கி அம்மி, அடுப்பு, கூரை ஓடு எல்லாம் செஞ்சு மொட்டை மாடில காய வெச்சேன், சாயங்காலம் பாத்தா அம்மில விரிசல், ஓடு அப்பளம் மாதிரி வளைஞ்சு கிடக்கு. என்ன பண்ணலாம்?
– வாசகி, குடியாத்தம்

பதில்: நம்ம வேலூர் வெயில்தாம்மா காரணம். இந்த க்ளே சூட்டுல வேகறதில்ல, உள்ள இருக்கற தண்ணி வெளிய போயிதான் இறுகுது, அப்படி போறப்ப கொஞ்சம் சுருங்கும், மேல சீக்கிரம் காஞ்சு உள்ள ஈரமாவே இருந்தா வெடிக்காம என்ன செய்யும்? வீட்டுக்குள்ள நிழல்ல வைங்க, ஃபேனுக்கு நேரா வேணாம். அம்மி மாதிரி கனமானதுக்கு மேல பிளாஸ்டிக் கவர லேசா மூடி ரெண்டு மூணு நாள் விடுங்க. ஓட்டுக்கு க்ளேவ ஒரே கனமா தேச்சு, சல்லடை மேல வெச்சு அப்பப்ப திருப்பிப் போடுங்க, ரெண்டு பக்கமும் சமமா காஞ்சா வளையாது.

வெடிச்ச அம்மிய தூக்கிப் போடாதீங்க! அதே க்ளேவ தண்ணில குழைச்சு விரிசல்ல அடைச்சு, காஞ்சதும் உப்புத்தாள்ல தேய்ங்க, அம்மிக்கு அந்த சொரசொரப்பு அழகுதான்.

அளவு முக்கியம்மா. பொம்மை வீட்டுக்கு 1:12 கணக்கு நல்லா வரும், 6 அங்குல சட்டி அரை அங்குலமாகும். நம்ம வேலூர் பக்கத்து கரிகிரி மண்பாண்டம் மாதிரி ஒரு குட்டிக் கூஜா செஞ்சு வைங்களேன், நம்மூர் வீடுன்னு தெரியும். அக்ரிலிக் பெயின்ட் அடிச்சு மேல வார்னிஷ் பூசிடுங்க, தண்ணி பட்டா க்ளே ஊறிடும்.