மலையேறும் திருடன்

மதிப்பிற்குரிய ஐயா,

எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகன் தமிழிலும் ஆங்கிலத்திலும் விடாமல் வாசிக்கிறான். ‘பொன்னியின் செல்வன்’ படித்ததிலிருந்து எந்த மாயக்கதையிலும் வந்தியத்தேவனைப் போன்ற ஒரு குறும்பனையே தேடுகிறான். உலகைக் காக்கப் பிறந்த நல்ல பிள்ளைகள் அவனுக்கு அலுத்துவிட்டார்கள். ஐப்பசி மழையில் வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் நாட்களுக்கு ஒரு நூல் சொல்லுங்கள். திருடனையோ போக்கிரியையோ நாயகனாகக் கொண்ட கதையை இந்த வயதில் கொடுக்கலாமா என்ற தயக்கமும் எனக்கு உண்டு.

வாசகி ஒருவர், கோத்தகிரி

அன்புள்ள சகோதரிக்கு,

தயங்காமல் கொடுங்கள். நான் பரிந்துரைப்பது அமெரிக்க எழுத்தாளர் மேகன் வேலன் டர்னர் 1996இல் வெளியிட்ட ‘தி தீஃப்’ என்ற நாவலை. மறு ஆண்டே அது சிறார் நூல்களுக்கான அமெரிக்கச் சிறப்பான நியூபெரி ஹானர் பெற்றது.

கதையைச் சொல்லும் ஜென், தொடக்கத்தில் அரசனின் சிறையில் சங்கிலியோடு கிடக்கிறான். எதையும் திருடிவிடுவேன் என்று மதுக்கடைகளில் பீற்றிக்கொண்டதோடு நில்லாமல், அரச முத்திரையையே திருடிவந்து ஊருக்குக் காட்டியதன் வினை அது. அரசவை அறிஞர் ஒருவர் அவனை வெளியே எடுக்கிறார். பழங்கதையில் மட்டுமே இருப்பதாகப் பலர் எண்ணும் ஒரு கல்லை அவன் திருடித் தரவேண்டும். பண்டைய கிரேக்கத்தை நினைவூட்டினாலும் துப்பாக்கியும் கடிகாரமும் புழங்குகிற அந்தக் கற்பனை நாடுகளின் வழியே, அறிஞரும் இரண்டு மாணவர்களும் ஒரு படைவீரரும் இந்தத் திருடனும் மலைகடந்து போகிறார்கள். நாவலின் பெரும்பகுதி பயணமும் பசியும்தான். சாப்பாடு போதவில்லை, குதிரைச் சவாரி ஒத்துக்கொள்ளவில்லை என்று ஜென் ஓயாமல் முனகுகிறான். சிலர் அங்கேயே புத்தகத்தை மூடிவைத்துவிடக்கூடும். ஆனால் தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப்பாதையில் கூட்டமாக ஏறும்போது யார் முதலில் புலம்புகிறார்கள், யார் பையிலிருக்கும் வர்க்கியைத் தனியாகத் தின்கிறார்கள் என்று பார்த்து வளர்ந்த மலைப் பிள்ளைக்கு அந்தப் பக்கங்களின் சுவை சட்டென்று பிடிபடும். நாவலிலும் உணவு காணாமல் போகிறது. பழி முதலில் யார்மேல் விழும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

கல் இருக்கும் கோயில் ஓர் ஆற்றுக்கு அடியில் இருக்கிறது. ஆண்டில் சில இரவுகளில் மட்டும், அதுவும் சில மணி நேரமே நீர் வடிந்து வழிவிடும். வெளியேற முடியாமல் போனவர்களின் எலும்புகளுக்கு நடுவே ஜென் சுவர் சுவராகத் தேடும் பக்கங்களை இரவில் தனியாகப் படிக்கக் கொடுங்கள்.

வந்தியத்தேவன் பனை இலச்சினை மோதிரத்தைக் காட்டித் தஞ்சைக் கோட்டைக்குள் நுழையும்போது, அவன் காவலர்களை ஏமாற்றுவது நமக்குத் தெரியும். கல்கி நம்மை அவன் பக்கத்திலேயே நிறுத்திவிடுகிறார். ஜென்னோ நம்மையே ஏமாற்றுகிறான். பெரும்பாலும் உண்மையைச் சொல்லிக்கொண்டே, சொல்லவேண்டிய ஒன்றை மட்டும் மடியில் முடிந்துவைத்துக்கொள்கிறான். இறுதியில் அந்த முடிச்சு அவிழ்ந்ததும் நான் முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். அவனுடைய முனகல்களை வெறும் முனகல்களாக எடுத்துக்கொண்டதற்குச் சற்று வெட்கமாகவே இருந்தது.

தயக்கத்தைப் பற்றி ஒரு சொல். காஞ்சியில் வாழ்ந்த தண்டியின் வடமொழிக் கதைநூலான ‘தசகுமார சரித’த்தில், அதன் நாயகர்களில் ஒருவனான அபகாரவர்மன் கன்னமிடப் போகும்போது துளைக்குள் நீட்டிப் பார்க்க ஒரு பொய்த்தலையும், விளக்கை அணைக்க வண்டுகள் அடைத்த பெட்டியும் எடுத்துச்செல்கிறான். கெட்டிக்காரத் திருடனை ரசிப்பது நமக்குப் புதிதல்ல. (அந்த நூலை மகனுக்கு இப்போது கொடுக்கவேண்டாம், காரணம் திருட்டு அல்ல.)

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். இதில் மந்திர உச்சாடனங்களோ பறக்கும் நாகங்களோ கிடையாது. தெய்வங்கள் அரிதாகவே தலைகாட்டுகின்றன. அவற்றை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

2020இல் நிறைவடைந்த இத்தொடரில் மொத்தம் ஆறு நூல்கள். இரண்டாம் நூலின் பின்னட்டையே முதல் நூலின் ரகசியத்தை உடைத்துவிடும் என்பதால், ஆறையும் சேர்த்து வாங்கினால் முதலாவதை மட்டும் அவனிடம் கொடுத்துவிட்டு மற்றவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். சாவியை எங்கே ஒளிப்பது என்பது உங்கள் பாடு.