துபாயில் காலை 8.50, அமெரிக்காவில் பகல் 12.50

கேள்வி: மகளின் பிரசவத்துக்காக ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ போகிறேன். முதல் விமானப் பயணம். சென்னையில் அதிகாலை 4 மணிக்கு ஏறி, துபாயில் மாற வேண்டும். துபாயில் காலை 8.50 புறப்பாடு, சான்பிரான்சிஸ்கோவில் அதே நாள் பகல் 12.50 வருகை என்று டிக்கெட்டில் இருக்கிறது. நாலு மணி நேரம்தான் என்கிறார் என் கணவர். மகளோ நாள் முழுக்க உட்கார வேண்டும் என்கிறாள். யார் சொல்வது சரி? நான் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவள்.
– ஒரு வாசகி, மேலூர்

பதில்: மகள் சொல்வதுதான் சரி, அம்மா. அந்த ஒரு விமானத்தில் மட்டும் 16 மணி நேரம். டிக்கெட்டில் அச்சாகும் நேரம் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். ஜனவரியில் சான்பிரான்சிஸ்கோ துபாய்க்கு 12 மணி நேரம் பின்னால் இருக்கிறது. நீங்கள் இறங்கும்போது துபாயில் நள்ளிரவு 12.50, மேலூரில் மறுநாள் அதிகாலை 2.20.

தூரம் சுமார் 13,000 கி.மீ. பேரப்பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் எடுத்து, பூக்கட்டும் நூலைத் துபாயில் பிடித்து சான்பிரான்சிஸ்கோ வரை இறுக்கிப் பாருங்கள். நூல் மேற்குப் பக்கம் போகாது. நேரே வடக்கே ஏறி, வட துருவத்தை ஒட்டி மறுபக்கம் இறங்கும். நாற்பது ஆண்டுகள் பூகோளம் நடத்திய எனக்கு இன்றும் அது வியப்புதான். சுவரில் மாட்டும் வரைபடத்தைப் பார்த்து நேர் மேற்கே போனால் 3,500 கி.மீ.க்கு மேல் கூடிவிடும். காற்றையும் வான்வெளி அனுமதியையும் பொறுத்துப் பாதை அன்றாடம் கொஞ்சம் மாறும்.

சென்னை–துபாய் நாலேகால் மணி நேரம், துபாயில் இரண்டு மணி 5 நிமிடம். ஆக, சென்னையில் ஏறியதிலிருந்து 22 மணி 20 நிமிடம். முதல் நாள் காலை மதுரையில் வைகை எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை போவதாக இருந்தால், அந்த ஏழு மணி நேரத்துக்கு மேற்பட்ட அலுப்பும் உடம்பில்தான் இருக்கும். முடிந்தால் ஒரு நாள் முன்னதாகவே சென்னைக்குப் போய்த் தங்குங்கள்.

மாத்திரை விஷயத்தில் அசட்டை வேண்டாம். என் அக்காவுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்தவர் ‘நாலு மணி நேரம்’ என்றே சொல்லிவிட்டார். அக்கா ஒரு வேளைக்கான மாத்திரையை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டார். விமானத்தின் வயிற்றில் கிடக்கும் பெட்டியை நடுவானில் எப்படித் திறப்பது? மாத்திரை, மருந்துச்சீட்டு எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும். மேலே எழுதிய நேரங்களை அப்படியே உங்கள் மருத்துவரிடம் காட்டி, எந்த வேளை மாத்திரையை எப்போது போடுவது என்று எழுதி வாங்குங்கள். உங்கள் கைக்கடிகாரம் இறங்கும்வரை மேலூர் நேரத்திலேயே ஓடட்டும். ஒன்றிரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள். கால் வீக்கம் குறையும். துபாயில் நடை அதிகம், சக்கர நாற்காலி வேண்டுமென்றால் இப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

இறங்கியதும் வீட்டுக்குப் போன் செய்யுங்கள். அதிகாலை 2.20 ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். நாலு மணி நேரம் என்று சொன்னவர் விழித்துத்தான் இருப்பார்.