பீரோ சாவி – கடிதம்

அன்புள்ள ஐயா,

1944இல் வந்த ‘கேஸ்லைட்’ படம் பார்த்தேன். கணவனே நகையை ஒளித்துவைத்து, சுவரில் மாட்டிய படத்தைக் கழற்றிவிட்டு, ‘நீதான் செய்தாய், உனக்குப் புத்தி பிசகுகிறது’ என்கிறான். மனைவியாக வரும் இங்க்ரிட் பெர்க்மன் நம்பிவிடுகிறார். படித்த பெண் இப்படி நம்புவாளா? ஏன் கிளம்பிப் போகவில்லை? 1940இன் பிரிட்டிஷ் படமே மேல் என்கிறார்கள். உங்கள் கருத்து? எனக்குத் திருமணமாகி ஆறு மாதம் ஆகிறது. மனைவியும் நானும் இதைப் பற்றிச் சண்டையே போட்டுவிட்டோம்.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

சண்டையில் உங்கள் மனைவி பக்கம்தான் நியாயம் இருந்திருக்கும். கேட்காமலே சொல்வேன்.

எந்தப் படம் மேல் என்ற பட்டிமன்றம் வேண்டாம். இரண்டும் பேட்ரிக் ஹாமில்டனின் 1938 நாடகத்திலிருந்து வந்தவை. இரண்டையும் பாருங்கள்.

‘ஏன் கிளம்பிப் போகவில்லை?’ எழுதுமுன் ஒரு நிமிடம் யோசித்தீர்களா? அது அவளுடைய வீடு ஐயா! அவளை வளர்த்த பாடகி விட்டுச்சென்ற வீடு. வந்து ஒட்டிக்கொண்டவன் அவன். அவனைக் கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை.

மறுபடி பாருங்கள். அந்த வீட்டில் அவளுக்குச் சாட்சி சொல்ல யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். சமையற்காரிக்குக் காது மந்தம். வேலைக்காரப் பெண்ணுக்கு (ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு அதுதான் முதல் படம்) எஜமானி என்றாலே இளக்காரம். பார்க்க வந்த பக்கத்து வீட்டு அம்மாளும் வாசலோடு திரும்ப வேண்டியிருக்கிறது. மேலே பூட்டிய அறையில் கணவன் கேஸ் விளக்கை ஏற்றினால், கேஸ் அங்கே பிரிந்துபோய் கீழே அவள் அறையில் வெளிச்சம் தாழ்கிறது. இரவுதோறும் அதை அவள் ஒருத்தி மட்டுமே பார்க்கிறாள். கடைசியில் துப்பறிய வந்தவர் அருகில் நிற்கும்போது தாழ்கிறது. அவரும் பார்த்துவிட்டார் என்று தெரிந்ததும் பெர்க்மனின் முகம் மாறுகிறதே, அவருக்குக் கிடைத்த ஆஸ்கர் அந்த ஒரு கணத்துக்கே தகும்.

எனக்கு அந்த இடத்தில் படம் பார்க்க முடிவதில்லை.

பத்து வயதில், கோடை விடுமுறைக்குக் கும்பகோணத்தில் சித்தி வீட்டில் இருந்தேன். அங்கே பீரோ சாவி அடிக்கடி காணாமல் போகும். சித்தி அரிசிப் பானை முதல் சாமி மாடம் வரை துழாவுவார். ‘இவளுக்கு ஞாபகம் என்று ஒன்று கிடையாது’ என்று சித்தப்பா வந்தவர்களிடம் சொல்வார். எல்லோரும் சிரிப்போம். பிறகு அவரே எங்கிருந்தோ எடுத்துக் கொடுப்பார்.

ஒரு மதியம் ஊஞ்சலில் படுத்திருந்தேன். தூங்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு, சித்தப்பா சாவியைச் சுவர்க் கடிகாரத்தின் மேல் வைத்தார். சாயங்காலம் சித்தி தேடித் தேடி அழுதார். நான் முறுக்கு தின்றுகொண்டிருந்தேன். பயமெல்லாம் இல்லை. வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் பீரோவிலிருந்த இரட்டைவடச் சங்கிலியைக் காணவில்லை. ‘அவளைத்தான் தெரியுமே’ என்பதோடு விசாரணை முடிந்தது. சித்தியே தலையை ஆட்டினார். படித்தவர்தான், உங்கள் சந்தேகத்துக்காகச் சொல்கிறேன்.

சித்தப்பா போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. சித்திக்கு எண்பது வயது. போன மாதம் கோயிலுக்குக் கிளம்பும்போது வாசலைப் பூட்டிச் சாவியை என்னிடம் நீட்டினார். “நீயே வைத்துக்கொள்ளப்பா, நான் தொலைத்துவிடுவேன்” என்றார்.

வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.