கருகிய மசாலா, வேகாத கழுத்து

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மீனில் யாரும் சீந்தாத பகுதிகளைத் தணலில் சுட்டுப் பாருங்கள் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதை நம்பி ஒரு பெரிய மீனின் கழுத்துத் துண்டுகளையும் வயிற்றுப் பட்டைகளையும் வாங்கினேன். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, எலுமிச்சைச் சாறு எல்லாம் கலந்து தடவி, இரவு முழுக்க ஊறவைத்துச் சுட்டேன். வெளியே ஒரே கரி. கழுத்தில் எலும்போரம் பச்சை. வயிற்றுப் பட்டை கம்பியில் ஒட்டிக்கொண்டு பாதிதான் கைக்கு வந்தது. வந்த பாதியும் வாயில் மாவாகக் கரைந்தது. மசாலா அதிகமாகிவிட்டதா? இல்லை, இவை சுடுவதற்கே தோதில்லாத துண்டுகளா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துண்டுகள் மேல் பழி இல்லை. மசாலாவும் கூடிப்போனதாகத் தெரியவில்லை. கழுத்துக்கும் வயிற்றுக்கும் ஒரே ஊறல், ஒரே நெருப்பு என்று வைத்ததில்தான் எல்லாம் கெட்டது. முள் நீக்கிய நடுச்சதை என்றால் தப்பித்திருப்பீர்கள். அது எல்லாப் பக்கமும் ஏறக்குறைய ஒரே கனம். ஒதுக்கப்படும் பகுதிகள் அப்படி இல்லை.

முதலில் கழுத்து. செவுளுக்குப் பின்னால், மார்புத் துடுப்பைத் தாங்கும் எலும்பை ஒட்டியிருக்கும் பகுதி இது. தடித்த எலும்பு, அதைச் சுற்றிக் கொழுப்பும் சவ்வும். மீனின் சவ்வில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம், ஆடு மாட்டு இறைச்சியில் உள்ளதைவிடக் குறைந்த சூட்டிலேயே இளகி, வழவழப்பான ஜெலட்டினாகிவிடும். அதனால் கழுத்துத் துண்டு சில நிமிடம் கூடுதலாக நெருப்பில் கிடந்தாலும் வறண்டுபோகாது. கொழுப்பில்லாத வெள்ளைச் சதையிடம் இந்தப் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. மீனின் உட்புறம் 63 டிகிரி செல்சியஸை எட்டினால் போதும். ஆனால் எலும்போரத்துக்கு அந்தச் சூடு போய்ச் சேர நேரம் பிடிக்கும். அதற்குள் 200 டிகிரியைத் தாண்டிய கம்பியின் மேல் மிளகாய்த்தூளின் கதி என்ன ஆகும் என்பதை நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

ஆகவே கரியை அடுப்பின் ஒரு பக்கமாகக் குவியுங்கள். உப்பு மட்டும் தடவிய கழுத்தைக் கரியில்லாத பக்கத்தில் வைத்து மூடுங்கள். கால் மணி நேரம் கழித்துத் திறந்து, எலும்போரத்தில் கத்தி முனையால் நெம்பிப் பாருங்கள். கண்ணாடி போன்ற பளபளப்பு போய்ச் சதை வெளுத்திருந்தால் வெந்துவிட்டது. இல்லையென்றால் மறுபடி மூடிவிடுங்கள். மசாலாவின் முறை அதற்குப் பிறகுதான். அதை எண்ணெயில் குழைத்துப் பூசி, தணலுக்கு நேர் மேலே நகர்த்தி, பக்கத்துக்கு ஒரு நிமிடம் காட்டினால் போதும். மிளகாயின் காரமும் மஞ்சளின் நிறமும் எண்ணெயில் கரைபவை, தண்ணீரில் அவ்வளவாகக் கரையாதவை. முதலிலேயே ஏதாவது தடவியாக வேண்டும் என்று கை அரித்தால், கொரகொரப்பாகப் பொடித்த மிளகு, மல்லி, சீரகம் போதும். நைசான தூள்தான் சட்டென்று கருகும்.

இரவு முழுக்க எலுமிச்சை என்பதை மட்டும் மறந்துவிடுங்கள். புளிப்பு மீனின் புரதத்தை நெருப்பில்லாமலே இறுக வைக்கும். நேரம் கூடக்கூடச் சதை குழைந்து மாவாகும். நீங்கள் வாயில் உணர்ந்தது அதைத்தான். மீன் கவிச்சிக்குக் காரணமான அமீன்களை அமிலம் மட்டுப்படுத்தும் என்பது உண்மை. அந்த வேலையைச் சுட்டு இறக்கியபின் பிழியும் சாறே செய்துவிடும். உப்புக்கு அரை மணி நேரம் போதும். அரைக் கிலோவுக்கு 7 கிராம் என் கணக்கு. கசிந்து வரும் நீரை ஒற்றி எடுத்துத் துண்டை உலரவிடுங்கள். ஈரத்தோடு வைத்தால் தோல் சிவக்காது, ஆவியில்தான் வேகும். சூடேறாத கம்பியில் புரதம் ஒட்டிக்கொள்ளும். அதனால் கம்பியை நன்றாகக் காயவைத்து, எண்ணெயை மீன் மேல் தடவுங்கள். தோல் தானாக விடும்வரை தொடவே கூடாது. பாதிப்பேர் சுடுகிற மீன் கிழிவது இந்த அவசரத்தால்தான்.

வயிற்றுப் பட்டை மெலிசு. உட்புறச் சவ்வைச் சுரண்டிவிட்டு, தோல் கீழே இருக்கும்படி தணல் மேலேயே வையுங்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். கொழுப்பு சொட்டித் தீ எழும்பினால் உடனே ஓரத்துக்கு நகர்த்துங்கள். அந்தத் தீயின் கரி கசக்கும். இதற்கு மசாலா குறைவாகவே போதும். மிளகும் கடைசியில் கொஞ்சம் புளிப்பும் இருந்தால் என் நாக்கு வேறெதுவும் கேட்பதில்லை. தலையை இரண்டாகப் பிளந்து, செவுளை எடுத்துவிட்டு, கழுத்தைப் போலவே சுடலாம். கன்னச் சதை யாருக்கு என்ற சண்டைக்கு நான் பொறுப்பில்லை. வாலை நீங்கள் கேட்கவில்லை, நானும் சிபாரிசு செய்யமாட்டேன்.

வாங்கும்போது ஒரு கவனம் வேண்டும். கொழுப்பு கூடிய பகுதி சீக்கிரம் சிக்கு வாடை பிடிக்கும், உறைபெட்டியில் வைத்தாலும்கூட. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் வெயிலில் கிடந்தால், சாப்பிட்டவருக்கு ஒவ்வாமை போன்ற உபாதை தரும் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். எவ்வளவு சுட்டாலும் அது அழியாது. மோந்து பார்த்துச் சந்தேகம் வந்தால் மசாலாவால் மூடி மறைக்கப் பார்க்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்த தடவை கழுத்தை மட்டும் சுடுங்கள். வயிற்றுப் பட்டை இன்னொரு நாளைக்கு இருக்கட்டும். இரண்டையும் ஒரே அடுப்பில் பார்த்துக்கொள்வதற்குக் கொஞ்சம் கை பழக வேண்டும்.